இரண்டு சொல்லோடு வந்த பையன்

உலகக் கோப்பைக் கால்பந்து வந்துவிட்டால் கொல்கத்தாவில் இரண்டே நாடுகள்தான் உண்டு. ஒன்று பிரேசில், மற்றது அர்ஜென்டினா. தெருவுக்குத் தெரு மஞ்சள் கொடியும் நீல வெள்ளைக் கொடியும் பறக்கும். இங்கேயே பிறந்து வளர்ந்த நம் வீட்டுப் பிள்ளைகளும் ஏதாவது ஒரு கட்சியில் சேர்ந்துவிடுவார்கள். ஜெர்மனிக்கு ஆதரவு என்று சொல்கிறவனை, வட்டிக்கடைக்காரனுக்குப் பரிந்து பேசுகிறவனைப் பார்ப்பதுபோலப் பார்ப்பார்கள். "இயந்திரம் மாதிரி ஆடுகிறார்கள், ரசமே இல்லை" என்பது பொதுவான தீர்ப்பு.

இந்தத் தீர்ப்பில் மற்ற எவரையும்விட அதிகமாக அடிபட்டவர் மிரோஸ்லாவ் குளோசே. உலகக் கோப்பை ஆட்டங்களில் 16 கோல் போட்டவர். 2014இல் அவர் ஜெர்மனி அணியிலிருந்து விலகியபோது, அந்தப் போட்டியின் சரித்திரத்தில் அதற்கு மேல் யாரும் போட்டிருக்கவில்லை. இருந்தும் உலகின் தலைசிறந்த முன்கள வீரர்கள் யார் என்று பேச்சு வந்தால் இவர் பெயரை முதலில் சொல்ல ஆள் கிடையாது. பெலே, மரடோனா, ரொனால்டோ, மெஸ்ஸி என்று பட்டியல் நீளும். குளோசேயா, அவர் சவுதி அரேபியாவுக்கு எதிராகப் போட்ட கோலை வைத்துக் கணக்கை ஏற்றியவர்தானே என்பார்கள். இது நியாயமில்லை என்பது என் கட்சி. ஆட்டத்தைப் பற்றி மட்டும் சொல்லவில்லை. அவருடைய வாழ்க்கையில், பிழைக்க ஊர் விட்டு ஊர் வந்த குடும்பங்கள் சற்று நின்று பார்க்க வேண்டிய சில சங்கதிகள் இருக்கின்றன. அவற்றில் ஒன்றிரண்டு, வழக்கமாகச் சொல்லப்படுகிற விதத்தில் எனக்கு உடன்பாடில்லாதவை.

குளோசே 1978 ஜூன் 9ஆம் தேதி போலந்தின் ஒப்போலே நகரில் பிறந்தார். இரண்டாம் உலகப் போர் முடியும்வரை அந்த ஊர் ஜெர்மனியில் இருந்தது. ஒப்பெல்ன் என்று பெயர். 1945இல் எல்லைக்கோடு நகர்ந்தது, ஊர் போலந்துக்குப் போயிற்று. ஜெர்மானிய வம்சாவளியினர் சிலர் அங்கேயே தங்கிவிட்டார்கள். தகப்பனார் யோசெப் அப்படிப்பட்ட குடும்பத்தவர். தொழில்முறைக் கால்பந்து ஆட்டக்காரர். ஒட்ரா ஒப்போலே அணியில் ஆடிவிட்டு, பிரான்ஸில் ஒசேர் அணிக்குப் போனார். தாயார் போலந்து நாட்டுக் கைப்பந்து அணிக்காக ஆடியவர். ஆக, பையன் பிறந்த கையோடு ஊர்மாற்றம் தொடங்கிவிட்டது. பிரான்ஸ், திரும்பப் போலந்து, பிறகு எட்டு வயதில் ஜெர்மனியின் மேற்கு ஓரத்தில் கூசெல் என்ற சிறிய ஊர். அங்கே வந்து இறங்கியபோது அவனுக்கு இரண்டே இரண்டு ஜெர்மன் சொற்கள்தான் தெரியும் என்பார்கள்.

இதைப் படிக்கும்போது நம்மில் பலருக்கு வேறு ஒரு முகம் நினைவுக்கு வரும். தகப்பனுக்கு மாற்றல் உத்தரவு வந்து, நடு வருஷத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய்ச் சேர்க்கப்பட்ட பிள்ளை. வகுப்பே சிரிக்கும்போது எதற்குச் சிரிக்கிறார்கள் என்று தெரியாமல் தானும் சிரிக்கிற பிள்ளை. இடைவேளையில் மைதானத்தில் மட்டும்தான் அந்தப் பிள்ளைக்கு மற்றவர்களோடு சம அந்தஸ்து. பந்தை உதைப்பதற்கு இலக்கணம் வேண்டாம் அல்லவா? குளோசேயும் பந்தை வைத்துக்கொண்டுதான் அந்த ஊரில் சிநேகிதர்களைப் பிடித்தார்.

இதோடு இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். மொழி தெரியாவிட்டாலும் அந்தக் குடும்பத்துக்குச் சட்டம் கதவைத் திறந்து வைத்திருந்தது. கிழக்கு நாடுகளிலிருந்து வரும் ஜெர்மானிய வம்சாவளியினருக்கு ஜெர்மன் குடியுரிமை அநேகமாக உரிமையாகவே கிடைத்தது. 1961 ஒப்பந்தத்துக்குப் பிறகு துருக்கியிலிருந்து வந்து, சுரங்கத்திலும் தொழிற்சாலையிலும் வேலை பார்த்தவர்களின் பிள்ளைகளுக்கு அப்படி இல்லை. ஜெர்மனி மண்ணிலேயே பிறந்து, ஜெர்மன் மொழியிலேயே கனவு கண்டாலும், அந்நியர்களின் பிள்ளைகளுக்குப் பிறப்பாலேயே குடியுரிமை என்ற ஏற்பாடு 2000 ஜனவரி 1இல்தான் நடைமுறைக்கு வந்தது, அதுவும் நிபந்தனைகளோடு. ஒரு சொல்லும் தெரியாத பையனுக்குக் காகிதம் கிடைக்கிறது, எல்லாச் சொல்லும் தெரிந்த பையனுக்குக் கிடைக்கவில்லை. குளோசேயை "உழைத்து முன்னேறிய அகதிப் பையன்" என்று கதை எழுதுகிறவர்கள் இந்த இடத்தைத் தாண்டிக் குதித்துவிடுகிறார்கள். உழைப்பு உண்மை. ஆனால் கதவு திறந்திருந்ததும் உண்மை.

அந்த உழைப்பைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். இன்று பெரிய அணிகள் எட்டு வயது, பத்து வயதிலேயே பிள்ளைகளைப் பொறுக்கி எடுத்துத் தங்கள் பயிற்சிப் பள்ளியில் வைத்து வளர்க்கின்றன. பதினேழு வயதில் பேர் வாங்காதவன் தேறமாட்டான் என்று ஒதுக்கிவிடுகிறார்கள். குளோசேயை யாரும் பொறுக்கி எடுக்கவில்லை. கூசெலுக்குப் பக்கத்தில் பிளவ்பாக் டீடெல்கோஃப் என்ற கிராமத்து அணியில்தான் ஆடிக்கொண்டிருந்தார். ஜெர்மன் கால்பந்து ஏணியில் அது ஏழாவது படி. பகலில் தச்சு வேலை. மேஜை நாற்காலி செய்கிற தச்சு அல்ல. வீட்டுக் கூரைக்கு உத்திரமும் சட்டமும் பூட்டுகிற தச்சு. அங்கே தொழில் கற்பது என்றால் பட்டறையில் ஒரு பாதி, தொழிற்பள்ளியில் ஒரு பாதி என்று சில வருஷம் ஓடும். கடைசியில் பரீட்சை வைத்துச் சான்றிதழ் தருவார்கள். குளோசே அந்த வேலையை முறையாகக் கற்றவர். காலையில் கூரைமேல் மரம் தூக்கிவிட்டு, சாயங்காலம் பயிற்சிக்குப் போன ஆட்டக்காரர்.

இருபது வயதில், 1998இல், ஹோம்பர்க் என்ற சற்றுப் பெரிய அணிக்குப் போனார். அடுத்த வருஷம் கைசர்ஸ்லவுட்டர்ன் அணியின் இரண்டாம் குழுவில் இடம் கிடைத்தது. 1998இல்தான், இரண்டாம் பிரிவிலிருந்து மேலே வந்த அதே வருஷத்தில், ஓட்டோ ரேஹாகல் என்ற பயிற்சியாளரின் கீழ் புண்டஸ்லீகா பட்டத்தையே வென்று எல்லாரையும் அசத்தியிருந்த அணி அது. 2000 ஏப்ரலில் குளோசே முதல் முறையாகப் புண்டஸ்லீகாவில் இறங்கினார். 2001 மார்ச்சில் ஜெர்மனி அணியில். 2002 ஜூன் 30ஆம் தேதி யோகோஹாமாவில் உலகக் கோப்பை இறுதி ஆட்டம். கிராமத்து அணியிலிருந்து உலகக் கோப்பை இறுதி ஆட்டத்துக்கு வர அவருக்கு நான்கு வருஷம்தான் பிடித்தது. அந்த நான்கு வருஷத்துக்கு முந்தைய இருபது வருஷத்தில் யாரும் அவரைக் கவனிக்கவில்லை என்பதையும் சேர்த்துக் கொள்ளுங்கள்.

பத்தாம் வகுப்பு மதிப்பெண்ணை வைத்துப் பிள்ளையின் தலையெழுத்தையே படித்துவிடுகிறவர்கள் நம்மிடையே அதிகம். கைத்தொழில் என்றாலே முகம் சுளிக்கிறவர்கள் அதைவிட அதிகம். பையன் தச்சு வேலை கற்கிறான் என்று சங்க விழாவில் நிமிர்ந்து நின்று சொல்லக்கூடிய தகப்பனார் நம்மில் எத்தனை பேர்? என்னையும் சேர்த்துத்தான் கேட்கிறேன்.

ஜெர்மனி அழைப்பதற்கு முன்னால் போலந்தும் கதவைத் தட்டியது. அப்போதைய போலந்துப் பயிற்சியாளர் யெர்சி எங்கெல், முன்கள ஆட்டக்காரர்களைத் தேடி அலைந்தவர். நைஜீரியாவில் பிறந்த ஒலிசாடெபேக்குப் போலந்துக் குடியுரிமை கிடைத்ததும் அவரை அணியில் சேர்த்துக்கொண்டவர். அப்படிப்பட்டவர் ஒப்போலேயில் பிறந்த பையனைச் சும்மா விடுவாரா? நேரில் கேட்டுப் பார்த்தார். குளோசே மறுத்துவிட்டார். ஜெர்மனிக்காக முதல் ஆட்டம் அல்பேனியாவுக்கு எதிராக. கடைசிக் கட்டத்தில் மாற்று ஆட்டக்காரராக உள்ளே வந்தவர், ஆட்டம் முடியச் சில நிமிஷங்களே இருக்கும்போது தலையால் முட்டி வெற்றிக் கோலைப் போட்டார். சில நாள் கழித்துக் கிரீஸுக்கு எதிராகவும் ஒரு கோல்.

2002 உலகக் கோப்பையில் குளோசே ஐந்து கோல் போட்டார். ஐந்தும் தலையால். சவுதி அரேபியாவை ஜெர்மனி 8-0 என்று தோற்கடித்த ஆட்டத்தில் மூன்று, அயர்லாந்துக்கு ஒன்று, கேமரூனுக்கு ஒன்று. இறுதி ஆட்டத்தில் பிரேசில் 2-0 என்று வென்றது. இரண்டு கோலும் ரொனால்டோவுடையவை. முதல் கோல், ஆலிவர் கான் பந்தைப் பிடித்து நழுவவிட்டதால் வந்தது. (இந்தக் கான்தான் 2008 மே மாதம் நம் சால்ட் லேக் மைதானத்தில் மோகன் பகானுக்கு எதிராக ஆடிவிட்டு ஓய்வு பெற்றவர்.)

சவுதி அரேபியாவை வைத்துப் பரிகசிக்கிறவர்கள் 2006ஐ மறந்துவிடுகிறார்கள். அந்த உலகக் கோப்பை ஜெர்மனியிலேயே நடந்தது. முதல் ஆட்டம் ஜூன் 9, குளோசேயின் 28ஆவது பிறந்தநாள். கோஸ்டாரிகாவுக்கு எதிராக இரண்டு கோல். கால் இறுதியில் அர்ஜென்டினா 1-0 என்று முன்னணியில் இருந்தது. 80ஆவது நிமிஷத்தில் குளோசே தலையால் முட்டிச் சமன் செய்தார். பெனால்டியில் ஜெர்மனி வென்றது. அந்தத் தலை முட்டல் இல்லாவிட்டால் ஜெர்மனி அன்றே வீட்டுக்குப் போயிருக்கும். அந்தப் போட்டியில் மொத்தம் ஐந்து கோல். அதிகக் கோல் போட்டவருக்கான தங்கக் காலணி அவருக்கே. 2010இல் நான்கு. அதில் ஒன்று இங்கிலாந்துக்கு, இரண்டு மறுபடியும் அர்ஜென்டினாவுக்கு. அர்ஜென்டினாவுக்கு எதிராக மூன்று கோல் போட்டவரைச் சின்ன அணிகளை அடித்தவர் என்பது என்ன கணக்கோ தெரியவில்லை.

2014 ஜூலை 8, பிரேசிலில் பெலோ ஹோரிசாண்டே நகர். நமக்கு அப்போது நள்ளிரவு தாண்டி ஒன்றரை மணி. அரை இறுதியில் பிரேசிலும் ஜெர்மனியும். 23ஆவது நிமிஷத்தில் குளோசே அடித்த பந்தைக் கோல்கீப்பர் ஜூலியோ செசார் தடுத்தார். திரும்பி வந்த பந்தை அவரே மறுபடி உள்ளே தள்ளினார். பதினாறாவது கோல். முந்தைய சாதனை ரொனால்டோவுடையது, 15. அந்த ரொனால்டோ அதே மைதானத்தில் தொலைக்காட்சி வர்ணனைக்காக உட்கார்ந்திருந்தார். ஆட்டம் 7-1 என்று முடிந்தது. அடுத்த நாள் காலையில் எங்கள் பகுதியில் மஞ்சள் கொடிகளை அவிழ்க்கக்கூட யாருக்கும் கை வரவில்லை.

தடுத்த பந்தைத் திரும்பத் தள்ளுவதெல்லாம் ஒரு பெரிய காரியமா என்று கேட்கலாம். பந்து திரும்பி வரும் இடத்தில் முன்கூட்டியே நிற்பதுதான் காரியம். குளோசே உயரத்தில் பெரிய ராட்சதர் அல்ல, ஆறடிதான். ஆனால் எகிறுகிற நேரத்தை அவர் கணக்குப் போடுவதுபோலப் போட்டவர் குறைவு. பந்து கிளம்பும் முன்பே ஒரு அடி பின்வாங்கி, தடுப்பாளர் தன்னை மறந்த கணத்தில் முன்னே பாய்வார். மரத்தை அளந்து அறுத்தவரின் நிதானம் அது என்று எனக்குத் தோன்றும். ஜெர்மனிக்காக 137 ஆட்டங்களில் 71 கோல். அவர் கோல் போட்ட ஒரு ஆட்டத்தில்கூட ஜெர்மனி தோற்றதில்லை.

கெர்ட் முல்லரோடு ஒப்பிட்டால் என்ன என்பார்கள். முல்லர் 62 ஆட்டங்களில் 68 கோல் போட்டார். குளோசே 69ஆவது கோலைத் தொட 132 ஆட்டம் ஆனது. முல்லர் மேதை, சந்தேகமே இல்லை. நான் சொல்வது வேறு. மேதைகளுக்கு மட்டும் மாலை போடுகிற பழக்கம் நம்மிடம் ஊறிப்போயிருக்கிறது. பதின்மூன்று வருஷம் தவறாமல் வந்து நின்று வேலையை முடித்துக் கொடுத்தவனுக்கு நாம் நாற்காலிகூட நகர்த்திப் போடுவதில்லை.

குளோசேயின் நேர்மையைப் பற்றி இரண்டு கதைகள் ஊரெல்லாம் பிரசித்தம். 2005இல் வெர்டர் பிரேமன் அணிக்காக ஆர்மினியா பீலஃபெல்ட் அணிக்கு எதிராக ஆடினார். இரு தரப்பும் கோல் போடாத நிலையில், எதிரணிக் கோல்கீப்பர் அவரைத் தடுக்கி விழச் செய்தார் என்று நடுவர் பெனால்டி கொடுத்தார். குளோசே நடுவரிடம் போய், அது தப்பாட்டம் இல்லை என்று சொல்லிவிட்டார். பெனால்டி ரத்து. கடைசியில் பிரேமன் 3-0 என்று வென்றது. நேர்மையான ஆட்டத்துக்கென்று ஒரு பரிசும் கொடுத்தார்கள். 2012 செப்டம்பரில் இத்தாலியில் லாட்சியோ அணிக்காக ஆடும்போது, நாப்போலிக்கு எதிராக ஆட்டம் தொடங்கிய சில நிமிஷங்களிலேயே பந்து அவர் கையில் பட்டு உள்ளே போனது. நடுவர் கோல் கொடுத்தார். குளோசே, என் கையில் பட்டது என்று ஒப்புக்கொண்டார். கோல் ரத்து. இந்த முறை லாட்சியோ 0-3 என்று தோற்றது.

பள்ளிக்கூட நீதிபோதனை வகுப்பில் முதல் கதையைத்தான் சொல்வார்கள். உண்மை சொன்னார், வெற்றியும் வந்தது, பரிசும் வந்தது என்று முடித்துவிடலாம். எனக்கு இரண்டாவதுதான் பெரிதாகப் படுகிறது. 34 வயது ஆட்டக்காரர், புதிய நாடு, மூன்றாவது மொழியோ நான்காவது மொழியோ பேசுகிற ஊர், வென்றே தீர வேண்டும் என்று துடிக்கிற ரசிகர்கள். அங்கே உண்மை சொன்னார், தோற்றார். லாட்சியோ ரசிகர்கள் அவரை வெறுத்தார்களா என்றால், இல்லை. அடுத்த மே மாதம் பொலோனியாவுக்கு எதிராக ஒரே ஆட்டத்தில் ஐந்து கோல் போட்டார். 2016வரை ரோமாபுரியிலேயே ஆடினார்.

இனி மனத்தை உறுத்துகிற விஷயத்துக்கு வருகிறேன். குளோசேயை ஜெர்மானியர்கள் வெளியிலிருந்து வந்தவர்களுக்கு முன்மாதிரி என்று காட்டுவதுண்டு. பாருங்கள், வந்தார், மொழி கற்றார், தலை குனிந்து உழைத்தார், நம்மில் ஒருவர் ஆனார் என்று. அப்படிச் சொல்கிறவர்கள் கவனிக்காத ஒன்று உண்டு. அவர் போலிஷ் மொழியை விட்டுவிடவில்லை. ஜெர்மனி அணியில் நாட்டுக்காக ஆடிக்கொண்டிருந்த காலத்திலும் வீட்டில் போலிஷ் பேசியவர். அணியில் அவரோடு ஆடிய லூக்காஸ் போடோல்ஸ்கியும் போலந்தின் கிளிவிட்சே நகரில் பிறந்து இரண்டு வயதில் ஜெர்மனி வந்தவர். இருவரும் தங்களுக்குள் போலிஷ் பேசிக்கொண்டது அணியில் எல்லாருக்கும் தெரிந்த விஷயம்.

2008 ஐரோப்பியக் கோப்பையில் ஜெர்மனிக்கும் போலந்துக்கும் ஆட்டம் வந்தது; ஆஸ்திரியாவில் கிளாகன்ஃபுர்ட் நகரில். குளோசே பந்தைத் தள்ளிக் கொடுக்க, போடோல்ஸ்கி கோல் போட்டார். பிறகு இன்னொன்றும் போட்டார். ஜெர்மனி 2-0. போடோல்ஸ்கி கையைத் தூக்கவில்லை, குதிக்கவில்லை. சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணத்தில் எதிர்த்தரப்பில் உட்கார நேர்ந்தவர்போல நின்றார். அந்தப் படத்தைப் பார்த்தபோது, இரண்டு ஊருக்கும் சொந்தமாக இருப்பதன் சங்கடத்தை அவர் முகம் நம் எவரையும்விட நன்றாக எடுத்துச் சொன்னதாக எனக்குப் பட்டது. சங்கடம் இருந்தாலும் கோலைப் போட்டார் என்பதையும் கவனிக்க வேண்டும்.

2014இல் கோப்பை வென்ற அதே அணியில் மெசுட் ஓசிலும் இருந்தார். கெல்சன்கிர்ஷனில் பிறந்த துருக்கிக் குடும்பத்துப் பிள்ளை. ஜெர்மனிக்காக 92 ஆட்டம் ஆடியவர். 2018இல் துருக்கி அதிபரோடு எடுத்துக்கொண்ட ஒரு புகைப்படத்தால் கிளம்பிய புயலில், ஜெயித்தால் என்னை ஜெர்மானியன் என்கிறார்கள், தோற்றால் குடியேறியவன் என்கிறார்கள் என்று அறிக்கை விட்டு விலகினார். அந்தப் புகைப்படம் தேவையா என்பதில் எனக்கும் கேள்வி உண்டு. ஆனால் அந்தக் குமுறல் பொய் என்று என்னால் சொல்ல முடியவில்லை. குளோசேக்கு இந்தச் சோதனை வந்ததே இல்லை. காரணம் அவர் அடக்கமானவர் என்பது மட்டுமா? பெயரிலும் நிறத்திலும் கும்பிடுகிற கோயிலிலும் அவர் ஊரோடு கலந்துவிடக்கூடியவர். ஆகவே குளோசேயைக் காட்டி ஓசிலைத் திட்டுவது தப்பு. 16 கோல் போட்டால்தான் பக்கத்து வீட்டுக்காரன் ஆகலாம் என்றால், கோல் போடத் தெரியாத லட்சோப லட்சம் ஜனங்கள் எங்கே போவது? நம்மில் பெரும்பாலோர் அந்த ரகம். குமாஸ்தா வேலை பார்த்தோம், கணக்கு எழுதினோம், வாடகை கொடுத்தோம், பூஜைக்குச் சந்தா கொடுத்தோம். அதுவே போதுமானதாக இருக்க வேண்டும்.

2014 ஜூலை 13 இறுதி ஆட்டம், ரியோவில். அர்ஜென்டினாவுக்கு எதிராக இரு தரப்பும் கோல் போடவில்லை. 88ஆவது நிமிஷத்தில் பயிற்சியாளர் லோவ், 36 வயதுக் குளோசேயை வெளியே அழைத்து, 22 வயது மரியோ கோட்சேயை அனுப்பினார். 113ஆவது நிமிஷத்தில் கோட்சே போட்ட கோலில் கோப்பை ஜெர்மனிக்கு வந்தது. வெற்றிக் கோல் போட்டவர் என்று உலகம் கோட்சேயின் பெயரை எழுதியது. குளோசே அப்போது எல்லைக்கோட்டுக்கு வெளியே இருந்தார். அடுத்த மாதம் நாட்டு அணியிலிருந்து விலகினார். 2016இல் ஆட்டத்தையே விட்டுவிட்டுப் பயிற்சியாளர் வேலை கற்கப் போனார்; முதலில் பயர்ன் மியூனிக்கின் 17 வயதுக்குட்பட்ட பையன்கள், பிறகு ஆஸ்திரியாவில் அல்டாக் அணி, 2024இல் ஜெர்மனியின் இரண்டாம் பிரிவிலிருந்த நியூரம்பெர்க். உலகக் கோப்பையில் 16 கோல் போட்டவர், நேராக ஒரு பெரிய அணியின் நாற்காலியில் போய் உட்காரவில்லை. மறுபடியும் கீழ்ப்படியிலிருந்து தொடங்கினார், பதினாறு வயதுப் பையன்களுக்குப் பந்து எப்போது வரும் என்று சொல்லிக் கொடுத்துக்கொண்டு.